ஒரு மூச்சில் முடிகிற செய்திகள்

காலையில் நான் பல் துலக்கி முடிப்பதற்குள் உங்களில் யாராவது ஒருவர் உலக அதிசயம் ஒன்றை என் கைப்பேசிக்கு அனுப்பிவிடுகிறீர்கள். 'உங்களுக்குத் தெரியுமா?' என்று ஆரம்பித்து, அடியில் ரோஜாப்பூவும் ஒரு கும்பிடும். கூடப் படித்தவர்கள் எல்லாரையும் தேடிப் பிடித்துக் குழு ஆரம்பித்தது நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் நம்மில் பாதிப் பேருக்குச் சாப்பாட்டுக்கு முன்னால் போடும் மாத்திரை எது, பின்னால் போடுவது எது என்பதே மறந்துபோகிறது. ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் எத்தனை எலும்பு என்பது மட்டும் மறப்பதில்லை. பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர் அனுப்பியதையே டீச்சராக இருந்தவர் மத்தியானம் மறுபடி அனுப்புகிறார். நானும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டுதான் இருந்தேன்.

போன வாரம் ஆக்டோபஸ் வந்தது. அதற்கு மூன்று இதயமாம், நீல நிற ரத்தமாம். நான் பதில் ஒன்றும் போடவில்லை. 'என்ன அம்மிணி, கோபமா?' என்று இரண்டு பேர் கேட்டீர்கள். கோபம் இல்லை. அந்தச் செய்தியை நான் பத்து வயதிலேயே கேட்டாயிற்று. சொன்னவள் என் அக்கா. அவளை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். மழைக்கு ஒதுங்கின நாட்களில் எங்கள் வீட்டு வாசலில் நின்று அவளிடம் கடலை உருண்டை வாங்கித் தின்றிருப்பீர்கள். அவள் எப்படிப் போனாள் என்பது உங்கள் யாருக்கும் தெரியாது. கைப்பேசியில் இத்தனையும் தட்டுவதற்கு விரல் ஒத்துழைக்காது, அதனால் காகிதத்திலேயே எழுதுகிறேன்.

சூலூரில் எங்கள் வீட்டையும் அப்பாவின் தறிக்குடோனையும் ஒரே ஒரு சுவர்தான் பிரித்தது. தறி ஓடினால் சுவர் அதிரும். சொம்பில் இருக்கிற தண்ணீர் அதிரும். நாம் பேசுகிற பேச்சும் அதிரும். அதனால் எங்கள் வீட்டில் யாரும் மெதுவாகப் பேசிப் பழகவில்லை. அம்மா சோற்றுக்குக் கூப்பிட்டால் மூன்றாவது வீட்டுக்காரர் கை கழுவுவார். நூலுக்குப் போடும் கஞ்சி வாசமும் மிஷின் எண்ணெய் வாசமும் எங்கள் தலைமயிரிலேயே இருக்கும். பஞ்சுத் தூசி எல்லாவற்றின் மேலும் படியும். தயிரில்கூட மிதக்கும்.

நெய்து இறங்கிய துணியை மடித்துக் கட்டும்போது நடுவில் வைக்கவும் மேலே சுற்றவும் பழைய காகிதம் வேண்டும். அது கோயமுத்தூரிலிருந்து எடைக்கு மூட்டையாக வரும். வாரப் பத்திரிகைகள், மலையாளப் பேப்பர், யாரோ படித்து முடித்த பூகோளப் புத்தகம் எல்லாம் கலந்திருக்கும். மூட்டையைப் பிரித்து, கிழிந்ததை ஒதுக்கி, நல்லதை அடுக்கித் தருவது அக்காவின் வேலை. பள்ளிப் படிப்பு முடிந்து வீட்டில் இருந்தாள். ஈரோட்டில் இருந்த மாமனின் பையனுக்கு அவளைக் கொடுப்பதாகச் சிறு வயதிலேயே பேசி வைத்திருந்தார்கள். தை பிறந்தால் கல்யாணம் என்று அந்த வருஷம் நாளும் ஏறக்குறைய முடிவாகியிருந்தது.

மற்றவர்கள் மூட்டையில் காகிதத்தைப் பார்த்தார்கள். அக்கா உலகத்தைப் பார்த்தாள். பத்திரிகைகளின் மூலையில் கட்டம் கட்டிப் போடுவார்களே, துண்டுத் துண்டாக, அவைதான் அவளுக்கு வேண்டும். ஒன்று கிடைத்ததும் என்னைக் கூப்பிடுவாள்.

"ஏ புள்ள, தெரியுமா? தவளை கண்ண உள்ள இழுத்துத்தான் தீனிய முழுங்குமாம்."

"பொய்யி."

"நெசந்தான். நெருப்புக்கோழிக்கு மூளையவிடக் கண்ணு பெருசாம். நம்ம அத்தையாட்டவே."

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. அடுத்த வீதியில் இருந்தாள். பெரிய கண்கள், பார்க்காத காரியம் இல்லை, அபிப்பிராயம் சொல்லாத விஷயம் இல்லை. அக்காவும் நானும் காகிதக் குவியலில் விழுந்து சிரிப்போம். அக்கா பாதிச் சிரிப்பில் நிறுத்திவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொள்வாள். சிரிப்பு அதிகமாகிவிட்டது என்று நான் நினைப்பேன்.

ஒரு நாள் இப்படி ஒரு செய்தி வந்தது: தும்மும்போது மனிதனின் இதயம் ஒரு கணம் நின்றுவிடும். தப்பான செய்தி என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் பேத்தி சொன்னாள். அந்தக் காலத்தில் அச்சில் வந்ததை யார் சந்தேகப்பட்டோம்? பஞ்சுத் தூசியில் எங்கள் வீட்டில் நாளெல்லாம் யாராவது தும்மிக்கொண்டே இருப்பார்கள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அக்கா தும்மினால் ஓடிப்போய் அவள் நெஞ்சில் கையை வைத்துப் பார்ப்பேன். அடுப்படியிலிருந்து அம்மா "நூறு" என்று வாழ்த்துவாள். நின்ற இதயம் மறுபடி ஓடுகிறதா என்று நான் தடவிக்கொண்டிருப்பேன். அது ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் என் உள்ளங்கைக்குக் கீழே பூனைக்குட்டி உறுமுவது மாதிரி ஒன்று கூடவே ஓடும். எல்லாருடைய நெஞ்சும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

ஆடிக்காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு நாள் அக்கா தெருக்குழாயடியில் குடத்தோடு உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்க முடியவில்லை. இருமினாள், எச்சிலில் சிவப்பு இருந்தது. அப்பா தறியை நிறுத்தச் சொல்லிவிட்டு அவளைக் கோயமுத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் அழுததால் என்னையும் கூட்டிப்போனார்.

டாக்டரம்மா குழலை வைத்து வெகுநேரம் கேட்டார். சின்ன வயதில் தொண்டை நோவும், மூட்டு மூட்டாக வீக்கமும், காய்ச்சலும் வந்ததா என்று விசாரித்தார். வந்தது என்றார் அப்பா. "அந்தக் காய்ச்சல் அப்பவே உள்ள இருக்கற கதவக் கடிச்சுட்டுதுங்க. இருதயத்துல ஒரு வாசல் சுருங்கிக் கெடக்குது. மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போனீங்கன்னா இடப் பக்கம் கீறி, அந்த வாசல விரிச்சு உட்ருவாங்க. நெறையப் பேருக்குப் பண்றாங்க, நல்லா இருக்கறாங்க. ஆனா நாள் கடத்தாதீங்க," என்றார்.

அப்பா நேரே வீட்டுக்குப் போகவில்லை. உக்கடம் குளக்கரைக்குக் கூட்டிப்போய் எங்கள் இருவருக்கும் வறுத்த கடலை வாங்கிக் கொடுத்தார். தறிச் சத்தம் இல்லாத இடத்தில் அப்பாவோடு உட்கார்ந்திருந்தது எனக்குப் புதிதாக இருந்தது. அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயமா இருக்குதா கண்ணு?" என்று கேட்டார்.

அக்கா கடலைத் தோலை ஊதினாள். "ஆக்டோபசுக்கு மூணு இருதயமுங்கப்பா," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "எனக்கு ஒன்னுதான். அதச் சரி பண்ணிப்போடலாமுங்க," என்றாள்.

அப்பா சிரித்தார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பண்ணிப்போடலாங் கண்ணு," என்றார்.

அவர் சொன்னதை நான் கேட்டேன். அந்தக் கரையில் அப்பா முடிவு செய்துவிட்டார் என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. பஸ் சூலூர் வந்து சேரும்வரைக்கும் அந்த முடிவு உயிரோடு இருந்தது.

வீட்டில் அத்தை காத்திருந்தாள்.

"ஏன்டா தம்பி, உனக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சா? பொட்டப்புள்ள நெஞ்சக் கீறுனா, நாளைக்குத் தாலி கெடக்கற எடத்துல தையலு கெடக்கும். அதப் பாத்துட்டு எவன் கட்டுவான்?"

"டாக்டரம்மா நாள் கடத்தக் கூடாதுன்னாங்கக்கா."

"அவங்க சொல்லுவாங்க. அவங்களா வந்து மாப்ள பாக்கப் போறாங்க?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றாள். "ஏனுங்க, தை வரைக்கும் பொறுக்கலாமுங்க," என்றாள். "கலியாணம் முடிஞ்சு போகட்டும். அப்பறம் எது வேணாலும் செஞ்சுக்கலாமுங்க. இப்பச் சொன்னா எங்கண்ணன் சம்பந்தத்தையே ஒதறிப்போட்டுப் போயிருவாருங்க. அப்பறம் இந்தப் புள்ளைய யாரு தலைல கட்டறதுங்க?"

அம்மாவை ராட்சசியாக நினைத்துவிடாதீர்கள். மகள்மேல் உயிரை வைத்திருந்தாள். அவளுக்குத் தெரிந்த உலகத்தில் கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு இருக்க இடமே கிடையாது. நோயாளிக்காவது கட்டில் உண்டு. அந்தக் கணக்கை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள்மேல்தான் எனக்குக் கோபம். அவள்மேலும் உண்டு. இத்தனை வருஷமாகியும் தணியவில்லை, ஏன் பொய் சொல்லவேண்டும்.

அன்றிலிருந்து அக்காவின் நோய் எங்கள் வீட்டில் ஒளித்து வைக்கிற பொருள் ஆகிவிட்டது. மாத்திரை அரிசிப் பானைக்குள் போனது. யார் கேட்டாலும் சளி என்று சொல்லச் சொன்னார்கள். பார்க்க வருகிறவர்கள் ரொட்டியும் சாத்துக்குடியும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "கன்னம் ரெண்டும் செவந்து கெடக்குது, கலியாணக் களை வந்திருச்சு பாரு," என்று போவார்கள். அந்தச் சிவப்பே நோயின் அடையாளம் என்று பின்னால் ஒரு டாக்டர் எனக்குச் சொன்னார். சிவந்த கன்னத்தைப் பார்த்து ஊரே சந்தோஷப்பட்டது.

அக்காவுக்கு ஆபரேஷன் செய்துகொள்ள ஆசை. பயம் இல்லாமல் இல்லை, ஆனால் ஆசை பெரிதாக இருந்தது. ரயிலில் மெட்ராஸ் போகலாம், கடலைப் பார்க்கலாம் என்று என்னிடம் சொல்வாள். ஒரு தடவை அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "நண்டுக்குக் காலு போனா மறுபடி மொளைக்குமுங்கப்பா," என்றாள். அப்பா தட்டிலேயே கையைக் கழுவிவிட்டுத் தறிக்குடோனுக்குள் போய்விட்டார். கடைசிவரை அவள் நேராகக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் பெண் பிள்ளைகள் எதையும் நேராகக் கேட்டதில்லை. நண்டு, தவளை என்று சுற்றி வளைத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது.

ஐப்பசி வந்தது. தீபாவளிக்கு முன்னால் மாமன் சீர் கொண்டுவருவதாகச் சொல்லி அனுப்பினார். அக்கா நாலு அடி நடந்தால் மூச்சு இரைத்தது. இரண்டு வாக்கியம் சேர்த்துப் பேசினால் இரைத்தது. மாமன் மஞ்சள் மண்டி வைத்திருப்பவர். ஒரு கிழங்கை ஒடித்துப் பார்த்தே அது எந்த மண்ணில் விளைந்தது என்று சொல்கிற மனிதர். அவர் கண்ணில் எப்படி மண்ணைத் தூவுவது?

அம்மா ஏற்பாடு செய்தாள். மாமன் வருவதற்கு முன்பே அக்காவைப் பட்டுப்பாவாடை தாவணியில் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டாள். எழுந்து நடக்கிற வேலையே வைக்கவில்லை. "மூச்சு வாங்காமப் பேசு சாமி. கொஞ்ச நேரந்தான்," என்று கன்னத்தைத் தடவினாள். அப்பாவிடம், "தறி ரெண்டு ஓடட்டுமுங்க, நிறுத்தாதீங்க," என்றாள். அக்காவின் இரைப்பு வெளியே கேட்காமல் இருப்பதற்கு.

மாமன் வந்தார். அவர் வந்தாலே வீட்டில் மஞ்சள் வாசம் அடிக்கும். சட்டைக் கைமடிப்பு எப்போதும் மஞ்சளாக இருக்கும். "என்னுங்க மாப்ள, பண்டிகை நெருக்கத்துலயும் தறிய ஓட்டிக்கிட்டு இருக்கறீங்க?" என்று அப்பாவைக் கேட்டார். அப்பா தரையைப் பார்த்து, "ஆர்டருங்க," என்றார்.

பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார். "ஏம்மிணி, எளைச்சுப்போனாப்ல இருக்கற?"

அக்கா சிரித்தாள். "நம்ம ஒடம்புலயே சின்ன எலும்பு எங்க இருக்குதுன்னு தெரியுங்களா மாமா? யோசிச்சுச் சொல்லுங்க."

மாமன் யோசித்தார். அவர் யோசித்த நேரமெல்லாம் அவள் சிரித்த முகமாகவே இருந்தாள். மாமன் எதையோ சொன்னார். இல்லை என்று தலையாட்டினாள். இன்னொன்று சொன்னார். மறுபடியும் தலையாட்டினாள். அப்புறம்தான், "காதுக்குள்ளாறங்க," என்றாள். மாமன் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"இன்னொன்னு சொல்லு."

"வெள்ளிக் கிரகத்துல வருசத்தைவிட நாள் பெருசுங்க."

"அதெப்படி?"

"நீங்களே சொல்லுங்க."

இப்படியே போனது. ஒவ்வொன்றையும் விடுகதையாகப் போட்டாள். பாதிப் பேச்சை மாமன்தான் பேசினார். அம்மா கதவோரம் நின்று பூரித்துப்போனாள். நானும்தான். அக்கா எத்தனை கெட்டிக்காரி என்று எனக்கு ஒரே பெருமை. சுவருக்கு அந்தப் பக்கம் தறிகள் அடித்துக்கொண்டே இருந்தன. மாமன் கிளம்பும்போது வாசலில் அம்மாவிடம், "சளின்னயே, இத்தன வாய் பேசறவளுக்கு என்ன சளி? நம்மூட்டுக்கு வந்து எங்களையெல்லாம் பேசியே தொரத்திருவா," என்று சிரித்துக்கொண்டே போனார்.

அவர் தெருமுனை திரும்பியதும் அம்மா தறியை நிறுத்தச் சொன்னாள். அக்கா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் குனிந்திருந்தாள். உதடு நாவற்பழம் தின்றதுபோல் இருந்தது. "பாஸாயிட்டனாம்மா?" என்று கேட்டாள்.

எனக்குக் கல்யாணமாகி, பிள்ளை பெற்று, ஆஸ்துமாக்காரி ஒருத்தியைப் பக்கத்து வீட்டில் பார்த்துப் பழகின பிறகுதான் ஒரு நாள் பளிச்சென்று புரிந்தது. அக்கா ஏன் துண்டுச் செய்தியாகவே சொன்னாள்? ஒரு செய்தி ஒரு மூச்சில் முடிந்துவிடும். கதை சொல்ல அவளுக்கு மூச்சு இல்லை. சண்டை போட மூச்சு இல்லை. சொல்லிவிட்டு மற்றவர்களை யோசிக்க விட்டால், அதற்குள் அடுத்த மூச்சைச் சேர்த்துக்கொள்ளலாம். நாங்கள் எல்லாரும் அவளுடைய அறிவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் தம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கார்த்திகையில் செய்திகள் குட்டையாகிக்கொண்டே வந்தன. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று துணிக்கட்டுகளை அடுக்கி, அதில் சாய்ந்தபடியே தூங்கினாள். காகித மூட்டையை நான் பிரித்து அவள் மடியில் வைப்பேன்.

"மீனுக்கு இமை இல்ல."

"அப்பறம்?"

"பாம்புக்குக் காது இல்ல."

"அப்பறம்?"

"எறும்புக்கு நுரையீரல் இல்ல," என்றாள். அதைச் சொன்னபோது எறும்பின்மேல் அவளுக்குப் பொறாமை இருந்தது. நான் இன்னும் ஒன்று கேட்டேன். கையை மட்டும் அசைத்தாள்.

அப்பாவுக்கு ஒரு கட்டத்தில் பொறுக்கவில்லை. "கலியாணமும் வேண்டாம் கருமாதியும் வேண்டாம், நாளைக்கே மெட்ராசு போறோம்," என்று கத்தினார். அப்போதும் அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்பா திரும்பிப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள். அம்மா மறுபேச்சுப் பேசாமல் பெட்டியில் துணி அடுக்கினாள். அடுத்த நாள் காலையில் கரண்ட் இல்லை. தறி ஒன்றும் ஓடவில்லை. எத்தனையோ நாளைக்கு அப்புறம் வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதியில்தான் அக்காவின் மூச்சுச் சத்தத்தை நாங்கள் எல்லாரும் முதன்முதலாக முழுசாகக் கேட்டோம். அடுப்படியிலிருந்த அம்மாவுக்கும் கேட்டது. வாடகைக் காரைப் பிடித்துக்கொண்டு அப்பா வருவதற்குள் அதுவும் நின்றுவிட்டது.

குளிப்பாட்டினார்கள். கல்யாணம் ஆகாமல் போகிற பெண் கன்னிமார் சாமிகளோடு சேர்ந்துவிடுவாள் என்று சொல்லி, தைக்கு எடுத்து வைத்திருந்த கூறைச்சேலையையே உடுத்திவிட்டார்கள். பூ வைத்து, பொட்டு வைத்து, மணப்பெண்ணாக உட்கார வைத்தார்கள். அத்தை மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அவள் அழுகை பொய்யில்லை. "ஒடம்புல ஒரு கீறல் இல்லாமப் பொன்னாட்டம் போறயே என் ராசாத்தி," என்று அழுதாள். அதைக் கேட்டு அம்மா நிமிர்ந்து அத்தையைப் பார்த்தாள். அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மாமன் சாயங்காலம் வந்து சேர்ந்தார். மஞ்சள் கறைச் சட்டையோடு அப்படியே ஓடிவந்திருந்தார். என்ன நோய், எப்போதிருந்து என்று அப்பா அவரிடம் உடைத்துச் சொன்னார். மாமன் அம்மாவின் எதிரில் போய்க் குந்தி உட்கார்ந்தார்.

"எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா அம்மிணி? நானே தூக்கிட்டுப் போயிருப்பனே. தழும்பு கெடந்தா என்னாயிப்போச்சு? எம்மருமகதானே, என்ற ஊட்ல வந்து இருக்க வேண்டிய புள்ளதானே?"

அதற்கப்புறம் தன் அண்ணன் முகத்தை நிமிர்ந்து பார்த்து அம்மா பேசி நான் பார்த்ததே இல்லை. அவர் ஒவ்வொரு தீபாவளிக்கும் சீர் கொண்டுவந்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு வாங்கினாள்.

அப்பா அத்தையோடு அப்புறம் பேசவேயில்லை. தறிகளையும் சில வருஷத்தில் விற்றுவிட்டார். அம்மா எல்லாருக்கும் பிறகும் வாழ்ந்தாள். நம் ஊரில் நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன் செய்வது காதுகுத்து மாதிரி ஆகிவிட்ட காலத்தையும் பார்த்துவிட்டுத்தான் போனாள். நம் குழுவிலேயே எத்தனை பேர் 'ஜிப் வெச்சாச்சு' என்று நெஞ்சுத் தழும்பைப் படம் போட்டுப் பீற்றிக்கொள்கிறீர்கள்.

என் வீட்டுக்காரருக்கும் பைபாஸ் செய்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா பார்க்க வந்தாள். மருமகன் எதிரில் நாற்காலியில்கூட உட்காராதவள். அவரோடு பேசவேண்டும் என்றால் கதவுக்குப் பின்னால் நின்று என்னிடம் சொல்லித்தான் பேசுவாள். அன்றைக்கு நேராகக் கட்டிலுக்குப் போய் நின்றாள்.

"மாப்ள, சட்டைய வெலக்குங்க. நானொருக்காப் பாத்துக்கறேன்," என்றாள்.

அவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். பொத்தானைக் கழற்றினார். அம்மா கண்ணாடியைச் சரி செய்துகொண்டு குனிந்தாள். கழுத்துக்குக் கீழிருந்து இறங்கிய அந்தக் கோட்டின் மேல், தொடாமல், விரலை மேலிருந்து கீழே கொண்டுபோனாள். கீழே வந்ததும் விரல் நின்றது.

"இத்தனைதானுங்களா?" என்று கேட்டாள்.

அவருக்கு அவள் எதைக் கேட்கிறாள் என்று புரியவில்லை. "ஆமாங்கத்த, இத்தனைதானுங்க. ஆறிப்போச்சுங்க," என்றார்.

அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.